ஒரு பெயரும் ஓர் அறையும்

இலக்கியக் கூடுகைகளில் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு விதமான முகங்களைக் காண்கிறோம். ஒன்று, தொலைக்காட்சி என்ற சொல்லைக் கேட்டதுமே சுளிக்கும் முகம். அதனோடு வாதிடும் எண்ணம் இப்போது இல்லை. மற்றது மலரும் முகம். 'த வயர்' ஒரு நாவல் என்றும், டேவிட் சைமன் நம் காலத்து டிக்கன்ஸ் என்றும் அது சொல்லும். இந்த இரண்டாவது முகத்தைப் பல ஆண்டுகள் நாமே அணிந்து திரிந்திருக்கிறோம். நாவலின் வடிவத்தைப் பற்றிய பாடத்தின் நடுவே, பாடத்திட்டத்தில் எங்குமில்லாத இந்த உதாரணத்தைச் சொல்லி மாணவர்களை விழிக்க வைத்ததும் உண்டு. அந்தப் பாராட்டில் ஒரு பிழை இருந்தது என்பதை எழுதி வைப்பதற்காகவே இந்தக் கட்டுரை.

பிழையைச் சுட்டியவர் நம் பழைய மாணவர் ஒருவர். இரு நண்பர்கள் ஒருவரையொருவர் காட்டிக்கொடுத்துவிட்ட பிறகு, அதை முழுதாக வெளிப்படுத்திக்கொள்ளாமல், இரவில் ஒரு மாடத்தில் நின்று நகரத்தைப் பார்த்தபடி சிறுவயதுக் கதைகளைப் பேசிக்கொள்ளும் காட்சி ஒன்று 'த வயர்' மூன்றாம் பருவத்தில் வருகிறது. ஏவன் பார்க்ஸ்டேலும் ஸ்டிரிங்கர் பெல்லும். சொல்லப்படாதவற்றின் கனம் முழுவதும் சொல்லப்படும் அற்பமான பேச்சின்மீது இறங்கும் காட்சி அது. 'டேவிட் சைமன் எழுதிய மிகச் சிறந்த காட்சி' என்று வகுப்பில் நாம் சொன்னதை அந்த மாணவர் ஆண்டுக்கணக்கில் நினைவில் வைத்திருந்து, தொடரைத் தாமே பார்த்த பிறகு எழுதியிருந்தார்: ஐயா, அந்தப் பகுதியின் திரைக்கதை ஜார்ஜ் பெலகானோஸ் என்று போட்டிருக்கிறதே?

உண்மைதான். 2004இல் ஒளிபரப்பான 'மிடில் கிரவுண்ட்' என்னும் அந்தப் பகுதியின் கதையமைப்பில் சைமனும் பெலகானோஸும் சேர்ந்திருக்கிறார்கள், திரைக்கதை பெலகானோஸுடையது. வாஷிங்டன் நகரத்துக் குற்றவுலகை நாவல்களாக எழுதிவந்தவர் அவர். 'த வயர்' தொடருக்குக் கடைசிவரை ஒரு எம்மி விருதும் கிடைக்கவில்லை. எழுத்துக்கான பரிந்துரைப் பட்டியலில் இரண்டே முறை இடம் கிடைத்தது. அவற்றில் ஒன்று இந்தப் பகுதிக்கு. எனவே அங்கே அது யார் எழுத்து என்பதில் எவருக்கும் ஐயமில்லை. நமக்குத்தான், நாவல் என்று ஒருமுறை சொல்லிவிட்டால் உடனே ஒற்றை நாவலாசிரியர் ஒருவர் தேவைப்பட்டுவிடுகிறார்.

சைமனின் பெருமையைக் குறைப்பது நம் நோக்கமன்று. 1982 முதல் 1995 வரை 'பால்டிமோர் சன்' நாளிதழில் குற்றச் செய்தியாளராக இருந்தவர். 1988இல் அந்நகரக் காவல்துறையின் கொலை விசாரணைப் பிரிவினருடன் ஓராண்டு முழுவதும் கூடவே இருந்து எழுதிய நூல் 1991இல் வந்தது. 'த வயர்' தொடங்கும் முதல் காட்சியை நினைவுகூருங்கள். தெருவோரச் சூதாட்டத்தில் ஒவ்வொரு வாரமும் பந்தயப் பணத்தை அள்ளிக்கொண்டு ஓடுபவன் ஒருவன் கொலையுண்டு கிடக்கிறான். தெரிந்தும் அவனை ஏன் ஆட்டத்தில் சேர்த்தீர்கள் என்று துப்பறிவாளர் கேட்கிறார். அந்தச் சம்பவம் சைமனின் அந்த நூலிலேயே இருப்பது. தெருவில் நடந்தது ஒரு காவலர் வாய்வழிக் கதையாகி, செய்தியாளரின் நூலுக்குள் போய், பத்தாண்டு கழித்துத் திரைக்கு வருகிறது. இத்தனை கைமாறிய ஒன்றுக்கு ஆசிரியர் யார் என்று கேட்டால், தொகுத்தவர், தொகுப்பித்தவர் என்று இரண்டு சொற்களை வேறுபடுத்தி வைத்திருக்கும் மரபில் பயின்ற நாமே திணறுகிறோம்.

எட் பர்ன்ஸை எடுத்துக்கொள்வோம். தொடரைப் பார்த்தவர்களில் பலருக்கும் இந்தப் பெயர் தெரிவதில்லை. வியட்நாம் போருக்குப் போய்த் திரும்பியவர். பால்டிமோர் காவல்துறையில் இருபது ஆண்டுகள் பணியாற்றியவர். ஒட்டுக்கேட்பு வழியாகப் போதைப்பொருள் கும்பல்களைத் தொடரும் நீண்ட விசாரணைகளில் ஈடுபட்டவர். ஓய்வுபெற்றதும் அதே நகரத்தின் அரசுப் பள்ளியில் ஆசிரியரானார். சைமனோடு சேர்ந்து 1997இல் 'த கார்னர்' என்ற நூலை எழுதினார். தொடரின் முதல் பருவத்துக்கு அவருடைய காவல்துறை வாழ்க்கை உரம் என்றால், 2006இல் வந்த நான்காம் பருவம் ஏறக்குறைய முழுவதுமாக அவருடைய வகுப்பறையிலிருந்து எழுந்தது. காவல்துறையிலிருந்து வெளியேறிக் கணக்கு வாத்தியாராகும் பிரஸ்பிலூஸ்கி என்ற பாத்திரத்தைப் பார்க்கும்போதெல்லாம் பர்ன்ஸின் நிழல் தெரிகிறது.

ஆசிரியத் தொழிலில் இருப்பதாலோ என்னவோ, நமக்கு அந்த நான்காம் பருவத்தைத் தாண்டிப் போவது கடினம். மைக்கேல், நேமண்ட், ராண்டி, டூக்கி என்று நான்கு சிறுவர்கள். கதையைச் சொல்லிவிட்டதாக வாசகர்கள் கோபிக்க வேண்டாம். பார்க்காதவர்களுக்கு இவ்வளவுதான் சொல்கிறோம்: நால்வரில் தப்புபவன் ஒருவன், அதுவும் நாம் எதிர்பார்க்கும் ஒருவனல்லன். அங்கே ஆசிரியர்கள் மாநிலத் தேர்வுக்காகப் பாடத்தை ஒதுக்கிவைத்துவிட்டு மதிப்பெண்ணுக்குப் பயிற்றுவிக்க நேர்கிறது. அதைக் கண்டதும் முன்னாள் காவலரான அந்தக் கணக்கு வாத்தியாருக்கு, காவல்நிலையத்தில் குற்றப் புள்ளிவிவரத்தைச் சரிக்கட்டிய நாள்கள் நினைவுக்கு வருகின்றன. இரண்டு நிறுவனங்களிலும் வாழ்ந்த ஒருவர் அந்த அறையில் உட்கார்ந்திருந்தால் ஒழிய இந்த ஒப்புமை ஒரு காட்சியாகப் பிறந்திருக்காது. வெறும் கற்பனை வளத்தால் எட்டக்கூடிய இடமன்று அது.

சைமனும் இந்தத் தொடரைப் பற்றிப் பேசும்போது ஷேக்ஸ்பியரை விட்டுவிட்டுக் கிரேக்கத் துன்பியலைத்தான் துணைக்கழைக்கிறார். பழைய நாடகங்களில் தெய்வங்கள் இருந்த இடத்தில் இங்கே காவல்துறையும் நகராட்சியும் பள்ளியும் சந்தையும் இருக்கின்றன. அவை காரணமின்றி மனிதர்களைத் தண்டிக்கின்றன என்பது அவருடைய விளக்கம். தனிமனிதர்களைவிட அமைப்புகளே விதியைத் தீர்மானிக்கின்றன என்று 60 பகுதிகளில் சொன்ன ஒரு படைப்பை, ஒரு தனிமனித மேதையின் சாதனையாக மட்டும் கொண்டாடுவதில் உள்ள முரண் நமக்கு உறைக்க இருபது ஆண்டுகள் ஆயின.

அமெரிக்கத் திரைப்படத்தில் இயக்குநரே அரசர். எழுத்தாளர் எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். அவர் எழுத்தை இன்னொருவர் திருத்தலாம், மூன்றாமவர் மாற்றலாம். தொலைக்காட்சியில் இது தலைகீழ். வாரத்துக்கு ஒரு பகுதி வேண்டும். இயக்குநர்கள் வந்து வந்து போவார்கள். கதையின் நினைவு முழுவதையும் சுமப்பவர்கள் எழுத்தாளர்களே. ஆகவே அங்கே தொடரை நடத்தும் பொறுப்பு, அதாவது ஷோரன்னர் என்னும் பதவி, எழுத்தாளரிடம் வந்து சேர்ந்தது. இது எவரும் மனமுவந்து தந்த வரமன்று.

ராட் செர்லிங்கின் கதையை இங்கே நினைக்கத் தோன்றுகிறது. 1955இல் மிசிசிப்பியில் எம்மெட் டில் என்ற பதினான்கு வயதுக் கறுப்பினச் சிறுவன் கொல்லப்பட்டான். கொன்றவர்களை நீதிமன்றம் விடுவித்தது. அதை உள்ளே வைத்து செர்லிங் 1956இல் ஒரு தொலைக்காட்சி நாடகம் எழுதினார். விளம்பரதாரர்களும் நிலையத்தாரும் கை வைத்தார்கள். கதை தென்மாநிலத்திலிருந்து நியூ இங்கிலாந்துக்கு நகர்ந்தது. கொல்லப்பட்டவர் கறுப்பினத்தவர் என்பது போயிற்று. தெற்கை நினைவூட்டும் எதுவும் கூடாதென்பதில் கோக்கோ கோலா புட்டிகூடத் தப்பவில்லை. விளம்பரதாரரின் அச்சம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இன்னொன்றும் உண்டு: 1959இல் நூரெம்பர்க் விசாரணையைப் பற்றிய நாடகம் ஒன்று ஒளிபரப்பானபோது, நிகழ்ச்சியின் விளம்பரதாரர் எரிவாயுத் துறையைச் சேர்ந்தவர் என்பதால், நாஜிகளின் கொலைக்கூடங்களைப் பற்றிய பேச்சில் 'கேஸ்' என்ற சொல் ஒலியடக்கப்பட்டது. செர்லிங் கண்ட வழி, வேற்றுக் கிரகங்களுக்குப் போவது. அதே 1959இல் தொடங்கிய 'த ட்வைலைட் ஸோன்' தொடரில் அவர் எழுத்தாளர் மட்டுமல்லர், தயாரிப்பின் தலைமையும் அவரே. 1964 வரை வந்த 156 பகுதிகளில் 92 அவர் எழுதியவை. பூமியில் பேச முடியாத இனவெறியைச் செவ்வாயில் வைத்துப் பேசினார். தன் சொல்லைக் காப்பாற்றிக்கொள்ள எழுத்தாளன் தயாரிப்பாளனாக வேண்டும் என்பது அவர் தழும்பிலிருந்து கற்ற பாடம்.

இந்த அதிகாரத்தின் மறுபக்கம்தான் எழுத்தாளர் அறை. ஒரு நீள மேசை, சுவரில் தக்கைப் பலகை, அதில் குத்திய அட்டைகள். ஒவ்வொரு அட்டையும் ஒரு காட்சி. ஏழெட்டுப் பேர் வாரக்கணக்கில் உட்கார்ந்து ஒரு பாத்திரம் அடுத்து என்ன செய்வான் என்று சண்டையிடுகிறார்கள். ஒருவர் சொன்னதை மற்றவர் மறுத்து, மூன்றாமவர் திரித்து, கடைசியில் யார் யோசனை என்றே தெரியாத ஒன்று அட்டையில் ஏறுகிறது. பிறகுதான் ஒருவர் அதை எடுத்துக்கொண்டு தனியறைக்குப் போய் எழுதுகிறார். ஆண்டுக்கு 22 பகுதிகள் வந்த காலத்தில் இந்த அறை மாதக்கணக்கில் இயங்கியது. தாம் எழுதிய பகுதி படமாகும்போது இளம் எழுத்தாளரும் தளத்தில் நிற்பார். நடிகர் வாயில் தம் வசனம் தடுக்குவதைக் கேட்பார். படத்தொகுப்பில் தாம் உயிரென்று நினைத்த பத்தி விழுவதைப் பார்ப்பார். அறையின் கடைசி நாற்காலியில் தொடங்கி, கதைப் பொறுப்பு, துணைத் தயாரிப்பு, தயாரிப்பு என்று படியேறுவார். அசல் குருகுலம்.

இந்த ஏணியைப் பின்தொடர்ந்து போனால் அமெரிக்கத் தொலைக்காட்சியின் வம்சாவளியே கிடைத்துவிடுகிறது. 'செயின்ட் எல்ஸ்வேர்' தொடரில் புரூஸ் பால்ட்ரோவிடம் கற்றவர் டாம் ஃபொன்டானா. ஃபொன்டானா நடத்திய 'ஹோமிசைட்' தொடரில்தான் செய்தியாளர் சைமன் திரைக்கு எழுதக் கற்றார். தம் கல்லூரி நண்பர் டேவிட் மில்ஸோடு சேர்ந்து அதில் எழுதிய முதல் பகுதி 1994இல் வந்தது. அந்த மில்ஸ் பின்னாளில் 'த வயர்' அறையிலும் இருந்தார். 2010 மார்ச்சில், சைமனின் 'ட்ரெமே' தொடர் ஒளிபரப்பாவதற்குச் சில நாள்கள் முன்பு, நியூ ஆர்லியன்ஸில் படப்பிடிப்புத் தளத்திலேயே மயங்கி விழுந்து இறந்தார்.

மேத்யூ வைனர் 'மேட் மென்' முதல் பகுதியை எழுதிக் கையில் வைத்துக்கொண்டு பல ஆண்டுகள் அலைந்தார். அதைப் படித்த டேவிட் சேஸ் அவரை 'த சோப்ரானோஸ்' அறைக்கு அழைத்துக்கொண்டார். 2007இல் அது முடிந்த அடுத்த மாதமே 'மேட் மென்' தொடங்கியது. வின்ஸ் கில்லிகன் 'த எக்ஸ் ஃபைல்ஸ்' அறையில் வளர்ந்தவர். 1998இல் அதில் அவர் எழுதிய 'டிரைவ்' என்ற பகுதியில் வெறுக்கத்தக்க ஒருவனாக நடித்து, பார்ப்பவரை அவனுக்காக இரங்கவும் வைத்தவர் பிரையன் கிரான்ஸ்டன். 'பிரேக்கிங் பேட்' நாயகனாக அவரை ஏற்க நிலையத்தார் தயங்கியபோது, அவர்கள் அறிந்திருந்ததெல்லாம் நகைச்சுவைத் தொடரொன்றின் அப்பாவி அப்பாவைத்தான், கில்லிகன் போட்டுக் காட்டியது அந்தப் பழைய பகுதியை. கில்லிகனின் அறையில் எழுதிய பீட்டர் கூல்டு 2009இல் தம் பகுதியொன்றில் சால் குட்மன் என்ற கோணல் வழக்கறிஞரை அறிமுகப்படுத்தினார். 2015 முதல் 2022 வரை வந்த 'பெட்டர் கால் சால்' தொடரின் இணைப் படைப்பாளி அவர். 'பிரேக்கிங் பேட்' தொடரின் உச்சமென்று பலரும் சொல்லும் 'ஓஸிமாண்டியஸ்' பகுதியை எழுதியவர் மொய்ரா வாலி பெக்கெட். இவர்களையெல்லாம் நாம் 'கில்லிகனின் எழுத்து' என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறோம்.

அறையைப் புனிதப்படுத்தும் எண்ணமும் நமக்கில்லை. நெடுங்காலம் அது வெள்ளை ஆண்களின் அறை. பால்டிமோரின் கறுப்பின வாழ்வைச் சொன்ன 'த வயர்' அறையிலும் பெரும்பாலோர் வெள்ளையரே என்பதை மறைத்துப் பயனில்லை. ஷோரன்னர்களில் கொடுங்கோலர்களும் உண்டு. டெட்வுட் தொடரின் டேவிட் மில்ச்சைப் போலத் தரையில் படுத்தபடி வசனங்களைச் சொல்லச் சொல்ல மற்றவர் தட்டச்சு செய்யும் மேதைகளும் உண்டு. அங்கே அறை என்பது அவர் குரலைக் கேட்கும் அவை. யேல் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் பென் வாரனிடம் பயின்ற அவரை ஒற்றை ஆசிரியர் என்று அழைத்தால் நாம் எதிர்க்க மாட்டோம். விதிவிலக்கை விதியாக்கியதில்தான் நமக்கு வழக்கு.

ஒற்றைப் பெயரின் மயக்கத்தை நம்மைவிட நன்றாகப் பயன்படுத்திக்கொண்டவர்கள் முதலாளிகள். 2013இல் நெட்ஃபிளிக்ஸ் 'ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்' தொடரின் 13 பகுதிகளையும் ஒரே நாளில் வெளியிட்டது. அதற்குப் பின் வந்த வெள்ளத்தில், எஃப்.எக்ஸ். நிலையத்தார் எடுத்த கணக்குப்படி, 2022இல் மட்டும் அமெரிக்காவில் 599 கதைத் தொடர்கள் வந்தன. எழுத்தாளர்களுக்குப் பொற்காலம் என்றுதான் வெளியிலிருந்து நினைப்போம். நடந்தது வேறு. 22 பகுதிகள் எட்டாகவும் பத்தாகவும் சுருங்கின. 'மினி ரூம்' என்று ஒன்று வந்தது: தொடர் உறுதியாகும் முன்பே சிலரைச் சில வாரம் உட்கார வைத்துக் கதை முழுவதையும் கறந்துகொண்டு அனுப்பிவிடுவது. படப்பிடிப்பு தொடங்கும்போது ஷோரன்னர் ஒருவர் மட்டும் எஞ்சியிருப்பார். ஒரு மேதை போதுமே, மற்றவர்கள் எதற்கு? நம்மைப் போன்ற ரசிகர்கள் கட்டுரைகளில் எழுதியதைத்தான் அவர்கள் கணக்கேட்டில் எழுதினார்கள். ஏணியின் கீழ்ப்படிகள் இப்படித்தான் கழன்றன. இனி ஒரு கூல்டு எந்தத் தளத்தில் நின்று கற்றுக்கொள்வார்?

2023 மே 2 அன்று எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். 2007 நவம்பரில் தொடங்கிய முந்தையது 100 நாள். 'பிரேக்கிங் பேட்' முதல் பருவம் ஏழு பகுதிகளோடு நின்றுபோனது அதனால்தான். இம்முறை 148 நாள். ஜூலையில் நடிகர்களும் சேர்ந்துகொண்டார்கள். இரு சங்கங்களும் ஒருசேர வெளியே நின்றது 1960க்குப் பிறகு அப்போதுதான். சங்கத்தின் பேச்சுவார்த்தைக் குழுவில் டேவிட் சைமனும் இருந்தார். தொழிற்சங்கம் சிதைவதை இரண்டாம் பருவத்தில் துறைமுகத் தொழிலாளர் கதையாகச் சொன்னவர் அங்கே உட்கார்ந்திருந்தது பொருத்தமே. கேட்டவற்றில் கூலி உண்டு, மறு ஒளிபரப்புப் பங்கு உண்டு. ஆனால் நம் கண்ணில் பட்டது, ஓர் அறையில் குறைந்தது இத்தனை எழுத்தாளர் இருக்க வேண்டும் என்ற கோரிக்கை. தனிமையில் எழுதுபவர்கள் என்று நாம் நம்பியிருந்த ஓர் இனம், எங்களைத் தனியாக விடாதீர்கள் என்பதற்காக ஐந்து மாதம் தெருவில் நின்றது. பெற்றும் விட்டார்கள், ஓரளவுக்கு. பகுதிகளின் எண்ணிக்கைக்கேற்பக் குறைந்தபட்ச எழுத்தாளர் எண்ணிக்கை ஒப்பந்தத்தில் ஏறியது.

செயற்கை நுண்ணறிவைப் பற்றியும் அதில் ஒரு கூறு உண்டு. இயந்திரம் ஆக்கித் தரும் எதுவும் 'இலக்கியப் பொருள்' ஆகாது என்கிறது அது. நாம் இங்கே தொலைக்காட்சி இலக்கியமா அல்லவா என்று கூடுகைதோறும் அடித்துக்கொள்கிறோம்; அங்கே சம்பளப் பத்திரத்திலேயே திரைக்கதைக்குப் பெயர் 'இலக்கியப் பொருள்' என்றுதான் இருக்கிறது. முதல் வகை முகத்தாருக்கு இதைச் சொல்லிப் பார்க்க ஆசை.

யார் பெயர் திரையில் வரவேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் உரிமையும் அங்கே முதலாளியிடம் இல்லை. எழுத்தாளர் சங்கத்திடம் இருக்கிறது. அதன் நுட்பம் தமிழாசிரியர்களுக்குப் பிடிக்கக்கூடியது. இருவர் பெயர்களுக்கு நடுவே '&' குறி இருந்தால் அவர்கள் சேர்ந்து எழுதியவர்கள்; அதையே 'அண்ட்' என்று எழுத்தில் விரித்திருந்தால் தனித்தனியே எழுதியவர்கள், பெரும்பாலும் ஒருவர் எழுதியதை மற்றவர் திருத்தியிருப்பார். உம்மைத்தொகைக்கும் எண்ணும்மைக்கும் இவ்வளவு பணம் புரளும் வேறுபாடு உலகில் வேறெங்கும் இருப்பதாகத் தெரியவில்லை. நம் பங்குக்கு நாமோ, பெயர் தெரியாத புலவருக்கு அவர் சொன்ன உவமையையே பெயராகச் சூட்டி, செம்புலப்பெயனீரார் என்று ஈராயிரம் ஆண்டு காப்பாற்றி வைத்தவர்கள். பெயர் தெளிவாகப் போட்டிருந்தும் படிக்காமல் விட்டோம். இணையத் தளங்களில் தொடக்கப் பெயர்களைத் தாண்டிப் போக ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள். முடிவில் வரும் பெயர்கள் ஒரு மூலைக்குச் சுருங்கி, அதற்குள் அடுத்த பகுதி தொடங்கிவிடுகிறது.

சென்ற வாரம் 'மிடில் கிரவுண்ட்' பகுதியை மீண்டும் பார்த்தோம், இம்முறை எந்தப் பொத்தானையும் தொடாமல். பிறகு பழைய வகுப்புக் குறிப்பை எடுத்து 'டேவிட் சைமன் எழுதிய' என்ற மூன்று சொற்களுக்கும் மேலே கோடிழுத்து, விடுபட்ட பெயர்களை ஓரத்தில் எழுதத் தொடங்கினோம். பெலகானோஸ், பர்ன்ஸ், மில்ஸ், ரிச்சர்ட் பிரைஸ், டென்னிஸ் லஹேன், ரஃபேல் அல்வாரெஸ், வில்லியம் ஸோர்ஸி. ஓரம் போதவில்லை, தாளைத் திருப்ப வேண்டியதாயிற்று.